நீரோட்டம் பார்த்த பல்

நாமக்கல் பல் மருத்துவமனையில் சின்னண்ணன் மூன்றாவது முறையாக நாற்காலி மாறி உட்கார்ந்தார். பலன் இல்லை. வலது கடைவாய்ப் பல், கீழேயிருந்து யாரோ விடாமல் தட்டுவதுபோல் அடித்துக்கொண்டே இருந்தது. தரைக்கு அடியில் தண்ணீர் ஓடுகிறதா, இல்லை பல்லே கெட்டுவிட்டதா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்க்கிணறு போடுகிறவர்கள் முதலில் கூப்பிடுவது சின்னண்ணனைத்தான். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார். தேங்காய் எந்த இடத்தில் எழுந்து நிற்கிறதோ அங்கே துளை போடும் ரிக் வண்டியை நிறுத்துவார்கள். தேங்காயை நிமிர்த்துவது அவருடைய கட்டைவிரல். தண்ணீரைச் சொல்வது பல். நீரோட்டத்தின் மேல் கால் வைத்ததுமே ஈறு சில்லிட்டு, பல் விண்ணென்று தெறிக்கும். இது அவர் மனைவி குஞ்சம்மாளுக்குக்கூடத் தெரியாது. கட்டியவளிடம் என்னவென்று சொல்வது, என் பல்லுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்றா?

போன வாரம் அந்த வலி வந்தது, போகவே இல்லை. கிராம்பு வைத்தார், நாக்குதான் வெந்தது. குஞ்சம்மாள் வாங்கி வந்த மாத்திரையைப் போட்டார். வலி போயிற்று, கூடவே பல்லும் ஊமையாகிவிட்டது. அன்றைக்குக் கலைமணி தோட்டத்தில் குருட்டாம்போக்கில் ஓர் இடத்தைக் காட்டினார். ஆயிரத்து நூறு அடி வரைக்கும் வெறும் புழுதி. மாத்திரையின் வேகம் இறங்கியதும், அந்தக் குழிக்கு முப்பது அடி தள்ளி நின்றபோது பல் உயிர்போகிற மாதிரி தெறித்தது. சின்னண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து பாறைமேல் நின்றாலும் அடிக்கிறது. நாளைக்குச் செங்கோடன் கோழிப்பண்ணைக்கு ரிக் வருகிறது. நாற்பதாயிரம் கோழிகள் லாரித் தண்ணீரை நம்பி இருக்கின்றன. அங்கேயும் புழுதி கிளம்பினால், அவரை இனி ஒருவரும் தோட்டத்துக்குள் விடமாட்டார்கள்.

கரண்ட் இல்லாததால் எக்ஸ்ரே எடுக்க முடியவில்லை. டாக்டர் தனப்பிரியா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பொறுமையாக விளக்கினார். வேர் சிகிச்சை செய்தால் நரம்பை எடுத்துவிட்டு, அடைத்து, மேலே கேப் போடலாம். பல் பல வருஷம் நிற்கும். வேண்டாமென்றால் பிடுங்கிவிட்டு, பக்கத்துப் பற்களைப் பிடித்துப் புதுப் பல் கட்டலாம், எலும்பில் திருகு இறக்கியும் வைக்கலாம். ஒன்றும் செய்யாமல் விட்டால் சீழ் பிடித்தாலும் பிடிக்கும்.

சின்னண்ணனுக்கு எதுவும் பிடிக்கவில்லை. ஒன்று, வீட்டை வைத்துக்கொண்டு குடியிருப்பவரைத் துரத்துவது. மற்றது வீட்டையே இடிப்பது.

"ஏனுங்க டாக்டர், நரம்புல பாதிய உட்டுட்டு எடுக்க முடியுங்களா?"

"பாதி உட்டா வலி போகாதுங்களே."

"முழுசாப் போகக் கூடாதுங்க. கொஞ்சம் இருக்கோணும்."

டாக்டர், பக்கத்தில் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாளைப் பார்த்தார். குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊசிக்குப் பயந்துக்கிட்டு ஒளர்றாருங்க. நீங்க புடுங்கிப் போடுங்க."

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. சின்னண்ணன் தேங்காயிலிருந்து கலைமணி தோட்டம் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இந்தப் பல் போனால் தாமும் ஒன்றுமில்லை என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த அரையிருட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. குஞ்சம்மாள் மட்டும் அவரை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள்.

கரண்ட் வந்தது. உதவியாளர் நாஸியா வந்து எக்ஸ்ரே எடுத்தாள். சின்னண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வேர் சிகிச்சைக்கே சம்மதித்தார். வீடாவது மிஞ்சட்டும். வாய்க்குள் தட்டல் இன்னும் வேகமானது, காது வரைக்கும் கேட்டது.

திரையைப் பார்த்த டாக்டர் இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். நாஸியா எடுத்தாள். டாக்டர் அக்கம்பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்; எல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருந்தன. சீழும் இல்லை, வீக்கமும் இல்லை. டாக்டர் கையுறையைக் கழற்றி வைத்தார்.

"எவ்வளவு நேரமாகுங்க, நரம்பை எடுக்க?" என்று சின்னண்ணன் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

பதில் சொன்னது நாஸியாதான். "எடுக்கறதுக்கு உள்ள நரம்பே இல்லீங்க ஐயா. இந்தப் பல்லு செத்துப் பல வருசம் ஆச்சுங்க."