அநாதைத் தளபதியும் கடலைக் குதிரைப்படையும்

ஐம்பதை நெருங்கும் மனிதன் செய்யக்கூடாதவை என்று ஊரில் சில விடயங்கள் சொல்வார்கள். மாமரத்தில் ஏறக்கூடாது, தலைக்கு மை பூசக்கூடாது, மச்சானோடு அரசியல் கதைக்கக்கூடாது. சாப்பாட்டு மேசையில் பூதப்படையை இறக்கி யுத்தம் நடத்தக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

இந்த விளையாட்டைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலு பேர் மேசையைச் சுற்றி இருப்போம். மூன்று பேர் கற்பனை நாடொன்றின் வீரர்கள். “நான் கதவை உடைக்கிறேன்” என்று ஒருவர் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். நாலாவது ஆள் கதை நடத்துபவர். அரசன், குதிரை, மழை, வழியில் வரும் கிழவி என்று மிச்ச உலகம் முழுவதும் அவருடைய வாயிலிருந்துதான் வரவேண்டும். எங்கள் வீட்டில் அந்த வாய் என்னுடையது. (வேறெந்த விடயத்திலும் அது என்னுடையதாக இருந்ததில்லை.)

வில்வீராங்கனை என் மகள் அபி, உயர்தர வகுப்பில் படிப்பவள். மந்திரவாதி என் மனைவியின் தம்பி குமரன், சீனன்குடாவில் வேலை. கோடரி வீரன் ரிஸ்வான், என்னோடு படித்தவன், கிண்ணியாவில் இரும்புக்கடை வைத்திருப்பவன்.

அபி என்னோடு முழு வசனம் பேசுவது அந்த ஞாயிறு பின்னேரங்களில் மட்டும்தான். மற்ற நாட்களில் “ஓம்”, “இல்லை”, “சார்ஜர் எங்க?” அவ்வளவே. ஆகவே ஒரு நாள் அவள் வந்து இப்படிச் சொன்னபோது நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

“அப்பா, எப்ப பாத்தாலும் சந்தைக்குப் போறம், ஆரோடயோ கதைக்கிறம், திரும்பி வாறம். வாற கிழமை பெரிய சண்டை ஒண்டு வையுங்கோ. இல்லாட்டி நான் ஞாயிறு கெமிஸ்ட்ரி கிளாசுக்குப் போறன்.”

ஒரு தகப்பனை இரசாயனவியலோடு ஒப்பிட்டு, இரசாயனவியல் பரவாயில்லை என்கிறாள். இதற்கு மேல் ஒருவனுக்கு என்ன வேண்டும்?

அந்தக் கிழமை முழுவதும் நான் தளபதியாக வாழ்ந்தேன். பழைய கலண்டரின் பின்பக்கத்தில் ஒரு துறைமுகம் வரைந்தேன். (எங்கள் ஊர் உள்துறைமுகமேதான், கோட்டையை மட்டும் இடம் மாற்றினேன், யாருக்கும் தெரியாதாம்.) மனைவியின் தையல் பெட்டிப் பொத்தான்கள் பூதங்களின் காலாட்படை. பொத்தான் போதாததால் அவித்த கடலை குதிரைப்படை.

ஞாயிறு, சாப்பாடு முடிந்து யுத்தம் தொடங்கியது. இங்கே முதலாவது பிழை. பெரிய சண்டையில் படையைக் கூட்டம் கூட்டமாக நகர்த்தி, கூட்டத்துக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். நான் நேர்மையானவன். ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாக உருட்டினேன். பூதம் குத்துகிறது, படவில்லை. அடுத்த பூதம் குத்துகிறது, படவில்லை. அதற்கடுத்த பூதத்துக்குக் கால் சறுக்குகிறது. முதல் சுற்று முடியவில்லை, தேத்தண்ணி வந்துவிட்டது. குமரன் ஃபோனைப் பார்த்தான். எங்கள் ஊர்த் தெருக்களில் திரியும் மான்களில் ஒன்று வாசலில் வந்து நின்று, எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சலித்துப்போய் அடுத்த வீட்டுக்குப் போனது.

“ரிஸ்வான், அது குதிரைப்படை” என்றேன்.

“உப்பு கொஞ்சம் கூட மச்சான்” என்றான், மென்றபடி.

அபி கொட்டாவி விட்டாள். எனக்கு இரசாயனவியல் ஆசிரியரின் முகம் தெரிந்தது. யுத்தத்தை உயிர்ப்பிக்க வேண்டும் என்ற பதற்றத்தில், திட்டத்தில் இல்லாத ஒன்றைச் செய்தேன்.

“திடீரென்று பற்றைக்குள் இருந்து ஒரு பூத வீரன் பாய்கிறான்! ரிஸ்வான் அவனைப் பிடித்துவிட்டான்! கோடரி அவன் கழுத்தில்! என்ன செய்கிறாய்?”

ரிஸ்வான் யோசித்தான். “தம்பிட ஊர் எது?”

எங்கள் ஊரில் அறிமுகமில்லாத யாரைக் கண்டாலும் முதலில் வருவது இந்தக் கேள்விதான். நாங்கள் வாலிபராக இருந்தபோது துவக்கோடு வீதியில் மறித்தவர்களும் இதையேதான் கேட்டார்கள்; திருப்பிக் கேட்க அன்று எங்களுக்கு வாய் வரவில்லை. இன்று கோடரி ரிஸ்வானின் கையில்.

“கருங்குழி” என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கருங்குழியில எவடம்? சந்தையடியா, கோயிலடியா?”

“கோயிலடி.”

குமரன் ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். “அத்தான், போன மாசக் கதையில எங்களுக்குக் கஞ்சி தந்த கிழவியும் கருங்குழி கோயிலடியெல்லோ?”

“ஓம்... அவவின் பேரன்தான்” என்றேன். கதைக்குள் முரண்பாடு வரக்கூடாது பாருங்கள்.

“கஞ்சி குடிச்ச வீட்டுப் பிள்ளை” என்று ரிஸ்வான் கோடரியைக் கீழே வைத்தான். “வாப்பா என்ன செய்யிறார்?”

அபியை நம்பிக்கையோடு பார்த்தேன். சண்டை கேட்டவள் அவள்தானே. வில்லில் அம்பு இருந்தது. பகடை கையில் இருந்தது.

“உனக்குச் சகோதரம் இருக்கோ?” என்று அவள் பூதத்தைக் கேட்டாள்.

“ஒரு தங்கச்சி” என்றேன். “கலியாணம் பேசியிருக்கு.”

அத்தோடு அம்பு தூணிக்குப் போனது. மாப்பிள்ளை யார் என்று விசாரித்ததில், அவனும் எதிர்ப்படையில் இருப்பது தெரியவந்தது. அவனுடைய பெரியம்மா இவர்கள் காக்கும் கோட்டைக்குள் வாழ்க்கைப்பட்டவள். ஒவ்வொரு பதிலும் என் வாயிலிருந்துதான் வந்தது. ஒவ்வொரு பதிலும் என் யுத்தத்தில் ஒரு பகுதியைத் தின்றது. மிச்சத்தை ரிஸ்வான் தின்றான்.

கடைசி ஆயுதமாகப் பூதங்களின் தளபதியை இறக்கினேன். ஆறடி வாள், எரியும் கண்கள். மேசையில் அறைந்து கர்ஜித்தேன். குசினியில் ஒரு மூடி விழுந்தது.

“இவர்ட உம்மா எந்த ஊர்?” என்றான் ரிஸ்வான்.

இந்த முறை நான் ஏமாறத் தயாராக இல்லை. “தாய் இல்லை. தகப்பனும் இல்லை. ஊரும் இல்லை. அநாதை.”

ரிஸ்வான் மெல்லுவதை நிறுத்தினான்.

“பாவம்” என்றாள் அபி.

“அநாதைப் பிள்ளையை அடிக்கிறதோ, அத்தான்?” என்றான் குமரன், நான்தான் அடிக்கச் சொன்னதுபோல.

“சாப்பிட்டிருக்கவும் மாட்டான்” என்றான் ரிஸ்வான், கடைசிக் கடலைகளை வாயில் போட்டபடி.

கோட்டைக் கதவைத் திறந்து இரண்டு படைகளுக்கும் சோறு போட்டார்கள். தங்கச்சியின் கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். யாரும் சாகவில்லை, என்னைத் தவிர. அபி பகடையை மேசையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

“அப்பா, உங்களுக்குச் சண்டை நடத்த ஏலாது” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். வைத்தியர் சொல்வதுபோலச் சொன்னாள்.

அடுத்த ஞாயிறு நான் மேசையைத் துடைக்கக்கூட இல்லை. கெமிஸ்ட்ரி கிளாஸ் தொடங்கும் நேரத்தில் வெளியே வந்து பார்த்தால், என் கதிரையில் அபி இருக்கிறாள். கையில் பகடை, முன்னால் புது வரைபடம், பொத்தான்கள் கூட்டம் கூட்டமாக.

“நீங்கள் அந்தப் பக்கம் இருங்கோ” என்றாள். “நீங்கள்தான் அந்த அநாதைத் தளபதி.”

அன்றிலிருந்து கதையை அவள்தான் நடத்துகிறாள். வீட்டில் என் பெயரும் மாறிவிட்டது. சாப்பாட்டில் பெரிய மீன் துண்டுக்கு நான் கை நீட்டினால், “விடுங்கோ, அநாதைப் பிள்ளை” என்கிறாள் மனைவி. ரிஸ்வான் கிண்ணியாவிலிருந்து ஃபோன் எடுத்தால், “தளபதி நிக்கிறாரா?” என்றுதான் கேட்கிறான். ஞாயிறுதோறும் நான் ஒரு யுத்தத்துக்குப் போய், பின்னேரத் தேத்தண்ணிக்கு முன் கொல்லப்படுகிறேன்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்: “ஒருக்காலாவது எந்த ஊர் எண்டு கேளன், பிள்ளை.”

அபி பகடையை உருட்டியபடி சொன்னாள்: “கேட்டா உங்களைக் கொல்ல ஏலாதே, அப்பா.”