எட்டு நிமிடம் மயங்கிக் கிடந்த கதை

குதைபியா, மனாமா.
வியாழக்கிழமை, டியூட்டி முடிந்து.

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் யேசுதாசன் எழுதிக்கொள்வது. இங்கு தேவகனியும் மகள் ஜோஸ்மியும் மாதாவின் தயவால் நலம். நானும் நலமாகத்தான் இருந்தேன், போன சனிக்கிழமை காலை பத்தே கால் வரை. அங்கு அக்காளின் முட்டுவலியும் உங்கள் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை மூன்றாவது முறையாக நீங்கள் நீக்கியிருப்பதால், லீவில் வருகிற பக்கத்து ஃப்ளாட்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறேன். அவரும் என்னைப் போல வாய் அடங்காத ஆள்தான்.

உங்கள் மகன் கல்யாண விஷயத்தில் நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. "ஜெனினுக்குப் பேசுத பொண்ணுக்க அக்கா பஹ்ரைன்லதான் நர்ஸ். கல்யாணம் உறுதியாகுத வரைக்கும் நீ வாயத் தொறக்கப்பிடாது, கேட்டியா?" என்றீர்கள். சத்தியம் செய்தேன். பிறகு நடந்ததைச் சொல்வதற்கு உங்கள் மருமகள் ஜோஸ்மியின் அரை கிரெடிட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் காலத்தில் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில், அதோடு முடிந்தது. ஜோஸ்மி படிக்கிற அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒன்று, அரை என்று கிரெடிட் சேர்த்து இருபத்துநான்கு ஆக்கினால்தான் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ். பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றியபோது, பழைய பள்ளியில் அவள் படித்த இந்தியைப் புதிய பள்ளி கணக்கில் எடுத்துக்கொள்ளாததால், நம் பிள்ளை இருபத்துமூன்றரையில் நிற்கிறாள். அந்த அரை இல்லாவிட்டால் ஜூனில் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் நர்சிங் கல்லூரியில் கிடைத்திருக்கும் இடமும் இல்லை. பள்ளியிலேயே வழியும் சொன்னார்கள்: மருத்துவத் தொழில் பழகும் மாணவர் சங்கம் ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்து அறுபது மணி நேரம் பயிற்சி செய்து குறிப்பேட்டில் எழுத வேண்டும், பிறகு முதலுதவிப் போட்டியில் எழுபது மதிப்பெண்ணாவது வாங்க வேண்டும், அரை கிரெடிட் வந்துவிடும். சங்கம் என்றதும் நான் கொடி, ஊர்வலம் என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். கடைசியில் பார்த்தால் எல்லாம் பேண்டேஜ்.

அறுபது மணி நேரத்துக்கும் உடம்பு என்னுடையது. குறிப்பேட்டில் கையெழுத்துப் போட்டது தேவகனி. ஆஸ்பத்திரியில் இருபது வருடமாக நோயாளிகளை அதட்டுகிறவள், வீட்டிலும் டியூட்டியை விடவில்லை. ஒருநாள் காலையில் ஜோஸ்மி என் வலது கையை மடக்கி நெஞ்சோடு கட்டிவிட்டு, பள்ளி பஸ் வந்துவிட்டதென்று ஓடிப்போனாள். முடிச்சு முதுகுப் பக்கம். தேவகனிக்குக் காலை டியூட்டி. நான் அப்படியே கீழே காதர் மைதீனின் மளிகைக்கடைக்கு, அவிழ்த்து வாங்கத்தான் போனேன். "என்ன அண்ணே, சைட்ல விழுந்துட்டியளா?" என்று அவர் அவ்வளவு பாசமாகக் கேட்கும்போது, இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏசி அவுட்டோர் யூனிட்டைத் தூக்கும்போது ஏணி சரிந்தது என்று தொடங்கினேன். சாயங்காலத்துக்குள் ஏணி இரண்டாம் மாடிக்கு உயர்ந்துவிட்டது. குதைபியாவே ஆப்பிளும் ஜூஸுமாக வந்து பார்த்துப் போயிற்று. இரண்டு நாள் கட்டை அவிழ்க்க முடியாமல் இடது கையால் மீன்குழம்பு சாப்பிட்டேன். ஜோஸ்மி அதையும் எட்டு மணி நேரமாகக் குறிப்பேட்டில் சேர்த்துக்கொண்டாள்.

போட்டியன்று நோயாளியாகப் படுக்க வேண்டியவர் அவள் கூட்டாளி சுஷ்மிதாவின் அப்பா. அவருக்கு அவசர டியூட்டி வந்துவிட, நான் போனேன். நான் ஒன்றும் செய்ய வேண்டாம், ஏணியிலிருந்து விழுந்து தலையிலும் காலிலும் அடிபட்ட ஆளாக எட்டு நிமிடம் மயங்கிக் கிடந்தால் போதும் என்றார்கள். ஏணி எனக்கு ஏற்கெனவே பழக்கம். தேவகனிக்குத்தான் நம்பிக்கை இல்லை. "எட்டு நிமிசமா? பூசையில பிரசங்க நேரத்துலகூட பக்கத்து ஆளுகிட்ட பேசுத மனுசன். வாயத் தொறந்தா பிள்ளைக்க படிப்பு போச்சு, பாத்துக்கிடுங்க." ஜோஸ்மி என் நெற்றியில் சிவப்புச் சாயம் தடவிக்கொண்டே, "டாடி, ப்ளீஸ். யூ ஆர் அன்கான்ஷியஸ். யார் என்ன சொன்னாலும் அன்கான்ஷியஸ்" என்றாள். தடவிய சாயத்தை மூன்று தடவை துடைத்துத் திரும்பத் தடவினாள் அத்தான். அதைப் பார்த்து நான் உண்மையாகவே பேசக் கூடாது என்றுதான் படுத்தேன்.

முதல் மூன்று நிமிடம் என்னைப் போல் மயங்கியவர் எவருமில்லை. இரண்டு பிள்ளைகளும் மூச்சைப் பார்த்தார்கள், நாடியைப் பார்த்தார்கள், காலுக்குப் பலகை வைத்துக் கட்டினார்கள். நடுவர்கள் இரண்டு நர்ஸ்கள், என் தலைமாட்டில் நின்று குறித்துக்கொண்டிருந்தார்கள். குறித்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினார்கள், அதுவும் தமிழில், அதுவும் நம் ஊர்த் தமிழில்.

"மெர்லின், தங்கச்சி சம்மந்தம் என்னாச்சு?"

"பையன் துபாய் பக்கம் ராஸ் அல் கைமால சிமென்ட் கம்பெனியில டெக்னீசியன், சிஸ்டர். குளச்சல்காரன், ஜெனின்னு பேரு. மொத டெஸ்டுலயே லைசன்ஸ் எடுத்து காரோட்டுதான்னு தகப்பனாரு சொல்லுதாரு. ஆனா எங்க ஊர் ஆள் ஒருத்தன் அங்க இருக்கான். ஏழு தடவ ஃபெயிலாம்."

"ஏழா! ஒட்டகம்கூட பாஸாயிருக்குமே!"

அத்தான், உங்கள் மகனைப் பற்றி. என் அக்காள் பெற்ற பிள்ளையைப் பற்றி. ஒவ்வொரு தடவை தோற்றபோதும் அவன் அழுதுகொண்டு போன் செய்தது தாய்மாமன் எனக்குத்தான். உங்களிடம்தான் முதல் தடவையே பாஸ் என்று சொல்லியிருந்தான். ஆக, சரியான எண்ணிக்கை தெரிந்த ஒரே ஆள் அந்த ஹாலில் நான். பல்லைக் கடித்தேன். மாதாவை வேண்டினேன். அப்புறம் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"ஏழு இல்ல சிஸ்டர், அஞ்சு! ஆறாவதுல பாஸ்!"

ஹாலில் ஏசி சத்தம் மட்டும் கேட்டது; அதற்கு கேஸ் நிரப்ப வேண்டும் என்றுகூடத் தோன்றியது. ஜோஸ்மியின் முகத்தில் ரத்தமே இல்லை. போச்சு, பிள்ளையின் படிப்பை என் வாயாலேயே தின்றுவிட்டேன் என்று நினைத்தேன். ஒரே ஒரு நொடிதான். "பேஷன்ட் கண் முழிச்சுட்டார். தலையில் அடி, பிதற்றுகிறார்" என்று ஜோஸ்மி உரக்க ஆங்கிலத்தில் அறிவித்துவிட்டு, என்னைப் பாயோடு சேர்த்து அழுத்தினாள். "சார், இன்னிக்கு என்ன கிழமை?" உதவியாக இருக்கட்டும் என்று பதில் சொன்னேன்: செவ்வாய். சனிக்கிழமை என்பது பதற்றத்தில் மறந்தே போயிற்று. "குழப்பம். பேசுவது எதையும் நம்ப முடியாது" என்று சுஷ்மிதா படிவத்தில் எழுதினாள். "பார்க்கிங் டெஸ்டுலதான் அவனுக்கு..." என்று நான் விளக்கத் தொடங்கியதும், என் மகள் தாடைக்கு ஒரு கட்டுப் போட்டாள் பாருங்கள், உச்சந்தலையில் முடிச்சு. மீதி நான்கு நிமிடமும் மூக்கு வழியாகத்தான் வாழ்ந்தேன்.

எண்பத்தெட்டு மதிப்பெண்! "எதிர்பாராத நிலையில் நோயாளியைக் கட்டுப்படுத்திய விதம் சிறப்பு" என்று நடுவர் குறிப்பு. நேற்று பள்ளியிலிருந்து தகவல் வந்தது: இருபத்துநான்கு முழுசு. தேவகனி அழுதாள், ஜோஸ்மி அழுதாள், நான் பேசினேன்.

ஆனால் படிவங்களைக் கொடுத்து முடித்ததும் மெர்லின் என்னிடம் வந்து, "நீங்க அந்தப் பையனுக்கு என்ன வேணும்?" என்றாள். தாய்மாமன் என்றேன். "அஞ்சோ ஏழோ, எங்களுக்குக் காரு முக்கியமில்ல அண்ணே. உண்மையச் சொல்லுத குடும்பமா இருந்தாப் போதும்" என்றாள். எங்கள் குடும்பத்தில் பொய்யே கிடையாது என்று நெஞ்சில் அடித்துச் சொன்னேன். நெற்றியில் சாயம் வழிந்துகொண்டிருந்தது. ஆகவே அவர்கள் வீட்டிலிருந்து போன் வரும். ஐந்து தோல்வி, ஆறாவதில் வெற்றி என்று நீங்களும் உறுதியாக நில்லுங்கள். எண்ணிக்கை மாறினால் என் மானம் போய்விடும். ஜெனினைத் திட்ட வேண்டாம். திட்டுவதானால் அக்காள் இல்லாத நேரம் பார்க்கவும்.

உங்களுக்கும் அக்காளுக்கும் மாதா நீண்ட ஆயுளும் குறைந்த சர்க்கரையும் தரட்டும். குழுவில் என்னை மீண்டும் சேர்த்தால் அதையும் ஆசீர்வாதமாக ஏற்றுக்கொள்வேன்.

என்றும் அடக்கமான,
யேசுதாசன்

பி.கு.: உறையை ஒட்டி, பொறுக்க மாட்டாமல் ஜெனினுக்குப் போன் செய்து, மாமன் உன் மானத்தை எப்படிக் காப்பாற்றினேன் தெரியுமா என்று சொன்னேன். "மாமா, ஏழுதான். ஆறாவதுல பாஸ்னு உங்ககிட்ட சும்மா சொன்னேன், நீங்க அழுதுறக்கூடாதுன்னு. ஊருக்கு நான் அனுப்புன போட்டோல இருக்குதது ரூம்மேட் யஹ்யா பாய் காரு. எட்டாவது டெஸ்ட் திங்கக்கிழம" என்றான். ஆகவே உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே ஐந்து என்று வருகிற இடமெல்லாம் ஏழு என்று படிக்கவும். மெர்லினிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று கிளம்பினேன். ஜோஸ்மி பேண்டேஜ் பெட்டியோடு வாசலை மறித்து நிற்கிறாள். நான் பேசுவது எதையும் நம்ப முடியாது என்று அவளும் சுஷ்மிதாவும் படிவத்தில் எழுதிக் கொடுத்தது சரியான நோய்க்கணிப்பாம். அந்த அரை கிரெடிட் அவளுக்குத் தகும், அத்தான்.