பாதிச் செலவும் சீனி டின்னும்

சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அதனால் கெட்டுப்போன காரியங்களில் வெளியே சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

நான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் ஒருநாள் அறிவித்தார்கள்: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காசு கொடுத்து ஒருவரிடம் பார்க்கவிட்டு வேலைக்கு வரும் தாய்மாருக்கு, அந்தச் செலவில் பாதியைத் தருவார்களாம். படிவம் நிரப்ப வேண்டும். பிள்ளையைப் பார்ப்பவரை அதிகாரி நேரில் வந்து விசாரிப்பார். அவ்வளவுதான்! அன்று என் ஊர் மாங்குளத்தில் இறங்கும்வரை பஸ்ஸில் ஒருவரையும் தூங்க விடவில்லை. மகளுக்குச் சப்பாத்து, கூரைக்குத் தகரம், எனக்கொரு சாறி என்று கிடைக்காத காசை மூன்று தடவை செலவழித்துவிட்டேன்.

என் மகளைப் பார்ப்பவர் பக்கத்து வீட்டுப் புஷ்பமக்கா. மாதம் பிறந்தால் அவருக்குக் காசு கொடுப்பேன். ஆனால் கையில் கொடுக்கக்கூடாது. அவரது குசினியில் இருக்கும் சீனி டின்னுக்குள் வைத்துவிட்டு வரவேண்டும். அவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கமாட்டார். (ஒருநாள் பிந்தினால் மட்டும், "சீனி முடிஞ்சு போச்சு பிள்ளை" என்பார்.)

அதிகாரி வந்த அன்று லீவு போட்டுவிட்டு நின்றேன். ஒழுங்கைச் சனம் முழுக்க வேலியில் நின்றது. (சொல்லி வைத்தது நான்தான்.)

"அம்மா, பிள்ளையைப் பாக்க மாதம் எவ்வளவு வாங்கிறீங்கள்?"

அக்காவின் முகம் மாறிவிட்டது. "என்ன கதை இது தம்பி? பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாக்க நான் காசு வாங்கிறதோ?"

அதிகாரி பேனையைத் திறந்தார். எனக்குத் தகரம் பறந்தது, சாறி பறந்தது.

"பொய்! அக்கா வாங்கிறவா!" என்று கத்திக்கொண்டு குசினிக்குள் ஓடி, டின்னைத் தூக்கிவந்து முற்றத்தில் கவிழ்த்தேன்.

சீனிதான் கொட்டியது. மாதக் கடைசியில் அதற்குள் காசு எப்படி இருக்கும்? அதை யோசிக்கிற மூளை எனக்கு அன்று இருக்கவில்லை.

'செலவு இல்லை' என்று எழுதிக்கொண்டு அதிகாரி போய்விட்டார். அக்கா மகளைத் தூக்கி என் கையில் தந்தார்.

"இனி நீயே பார்."

பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் நான் எப்படி வேலைக்குப் போவது? பாதிச் செலவுக்கு ஆசைப்பட்டு முழு வேலையையும் தொலைத்துவிட்டேன். அதைவிட, பெற்ற பிள்ளைபோல என் மகளை வளர்த்தவரை ஊருக்கு முன்னால் பொய்க்காரி என்றுவிட்டேனே! வெட்கம் பிடுங்கித் தின்றது.

அடுத்தநாள் விடிய, மகளோடும் ஒரு கிலோ சீனியோடும் அக்காவின் படலையடியில் போய் நின்றேன். வாயே திறக்கவில்லை. அக்கா சீனியை வாங்கினார், பிறகு பிள்ளையையும் வாங்கினார்.

"ஓடு, பஸ் போகப்போகுது."

இப்போது மகள் பள்ளிக்கூடம் போகிறாள், விட்டதும் அக்காவிடம்தான். அந்தப் பாதிச் செலவு எனக்கு இனிக் கிடைக்காது. ஆனால் மாதம் பிறந்ததும் அக்கா ஒழுங்கையில் இறங்கி நின்று, கையை நீட்டி, ஊருக்கே கேட்கக் கத்துவார்:

"எல்லாரும் வந்து பாருங்கோ, நான் வாங்கிறனான்! ஆராவது அந்தத் தம்பிக்கும் சொல்லி விடுங்கோ!"