நாலு வேலியும் எட்டுப் பச்சை விளக்கும்

எங்கள் வீட்டுக்கு ஒரு ஸ்விட்ச் வாங்க வேண்டியிருந்தது. தட்டினால் விளக்கு எரியுமே, அந்த ஸ்விட்ச் இல்லை. ஒரு கேபிளில் வருகிற இன்டர்நெட்டை நாலு அறைக்குப் பிரித்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி. கடைக்குப் போனால் பத்து நிமிஷ வேலை. எங்கள் வீட்டில் பதினாறு நாள் ஆனது. அதற்குள் ஒரு குழு அமைந்து இரண்டு முறை கூடியது, அதில் என் தம்பியும் மாட்டிக்கொண்டான்.

காரணம் என் வீட்டுக்காரர் திருச்செல்வம். அரசாங்க அலுவலகம் ஒன்றில் சாமான் வாங்கும் பிரிவில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, போன தை மாதம்தான் பென்ஷனில் வந்தார். நாற்காலியை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார். மற்றதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவசரம் எங்கள் மகள் ஷாமளாவுக்கு. கோலாலம்பூரில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. முதல் இன்டர்வியூ அன்று பின்னறைக்கு வைஃபை எட்டவில்லை. திரையில் அவள் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது. நல்ல மனுஷர்கள், இன்னொரு தேதி கொடுத்தார்கள். "கேபிள் போட்டுட்டு வாங்க. பதினெட்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. அதுதான் கடைசி." அதுவும் தவறினால் ராவாங் தொழிற்சாலைதான். எங்கள் ஊர் அசாம் ஜாவாவிலிருந்து விடியுமுன்னே பஸ் ஏறணும்.

கேபிள் எல்லா அறைக்கும் இழுத்தாயிற்று. ஆனால் மோடத்தில் நாலு ஓட்டை இருந்தும் ஒன்றுதான் வேலை செய்தது. மற்ற மூன்றையும் போன வருஷத்து இடி தின்றுவிட்டது. அதனால்தான் ஸ்விட்ச்.

கோலா சிலாங்கூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அம்சவள்ளி, நாங்கள் இரண்டு பேரும் போய்க் கேட்டவுடனே ஒரு பெட்டியை எடுத்து இவர் முன்னால் வைத்தாள்.

"அஞ்சு ஓட்டை அண்ணே. சொருகுனா ஓடும். விலை அறுபது வெள்ளிதான்லா."

"இதை யாரு நிர்வாகம் பண்றது?"

"யாரும் பண்ண வேணாம் அண்ணே. அதுபாட்டுக்கு ஓடும்."

"நிர்வாகமே இல்லாம ஒரு பொருள் வேலை செய்யுமா? என் சர்வீஸ்ல நான் பார்த்ததே இல்ல."

நிர்வாகம் இருந்தும் வேலை செய்யாததைத்தான் அவர் சர்வீஸ் முழுக்கப் பார்த்தார் என்பதை நான் கடையில் வைத்துச் சொல்லவில்லை.

அவர் மனசில் இருந்தது பக்கத்து வீட்டுப் புனிதனின் பெட்டி. புனிதன் மூன்று லோரி வைத்துத் தொழில் செய்கிறவர். வீட்டில் அவரும் பெண்சாதியும்தான். பெட்டியில் இருபத்து நாலு ஓட்டை. மீதி இருபத்திரண்டும் விருந்தாளிகள் பார்ப்பதற்கு. கண்ணாடி அலமாரிக்குள், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தீபாவளிக்குப் போனவர்கள் முறுக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சை விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மேனேஜ்ட் ஸ்விட்ச்", அதாவது நிர்வாகம் உள்ள பெட்டி, என்று புனிதன் சொல்கிறபோது வாய் லேசாகக் கோணும். அன்றிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் சாதாரணப் பெட்டி வாங்குவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கொள்முதல் குழுவின் முதல் கூட்டம் நடந்தது. தலைவர் அவர். செயலாளர் நான், என்னை யாரும் கேட்கவில்லை. பொருளாளர் கோலா குபு பாரு ஊரில் ஒரு ஆபீசில் வேலை செய்யும் என் தம்பி சேது. அவனுக்குத் தெரியவே தெரியாது. ஷாமளா பயனாளி. பயனாளிகள் கூட்டத்தில் உட்காரலாம், பேசக்கூடாது.

"அப்பா, அந்த அறுபது வெள்ளிப் பெட்டியே..."

"செயலாளர் குறிச்சிக்கங்க. பயனாளி குறுக்கிட்டார்."

குறித்துக்கொண்டேன். ரசத்தை இறக்க எழுந்ததற்கு என் பெயரையும் நானே குறித்துக்கொண்டேன்.

மூன்று விலைப்பட்டியல் வேண்டும் என்று தீர்மானம். இருப்பதோ அவருக்குப் பிடித்த ஒரே கடை. ஆகவே அம்சவள்ளியே மூன்று பட்டியலையும் மூன்று கலர் பேனாவில் எழுதிக் கொடுத்தாள். குழு இரண்டாவது முறை கூடி, அவற்றைப் பாரபட்சமின்றி ஒப்பிட்டுப் பார்த்து, நீலப் பேனாவைத் தேர்ந்தெடுத்தது.

பதினாறாம் தேதி பெட்டி வந்தது. எட்டு ஓட்டை, மேனேஜ்ட். அம்சவள்ளி தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்: "அண்ணே, இதையும் ஒண்ணும் தொடாம சொருகுங்க, ஓடும். இதுக்குள்ள தனித்தனியா வேலி போடலாம். ஒரு வேலியில இருக்கிறது அடுத்த வேலிக்குப் போகாது. ஆனா உங்களுக்கு அது வேணாம்."

கடைசி வாக்கியம் அவர் காதில் விழவில்லை. வேலி என்ற சொல்லிலேயே முகம் மலர்ந்துவிட்டது.

இதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேருமே எஸ்டேட்டில் பிறந்தவர்கள். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடு. மேனேஜர் துரையின் பங்களா ரோட்டில் நடந்ததற்காக, வேலை வாங்குகிற மண்டோர் இவரை விரட்டியிருக்கிறார், கணக்கெழுதுகிற கிராணி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்ததற்காக என் அம்மா திட்டு வாங்கியிருக்கிறார். அந்த வேலிகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவருக்கும் அப்படித்தான் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தேன்.

மறுநாள் பூரா புத்தகத்தைப் படித்து வேலி போட்டார். முதல் வேலி, துரை: அவர் அறைக் கம்ப்யூட்டர். இரண்டாவது, கிராணி: ஹாலில் நான் பார்க்கிற டிவி. மூன்றாவது, லயம்: ஷாமளாவின் அறை.

"ஏன்பா நான் லயம்?"

"உனக்கு இன்னும் வேலை உறுதியாகலையேம்மா."

நாலாவது வேலிக்கு 'வெளியாள்' என்று பெயர் வைத்தார். பாஸ்வேர்டின் முன்பாதியைத் தலைவர் வைத்துக்கொண்டு, பின்பாதியை சேதுவுக்கு உறையில் போட்டு அன்றைக்கே ஆள் மூலம் அனுப்பினார், தன்னிடம் நகல் இல்லாமல். ஒரே ஆள் கையில் அதிகாரம் குவியக்கூடாதாம்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை. எட்டு விளக்கும் பச்சையாக ஜொலித்தது. முறைப்படி திறக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று முந்தின நாளே உத்தரவு. காலி ஓட்டை கண்ணுக்கு உறுத்துகிறது என்று பழைய கம்ப்யூட்டர், பிரிண்டர் என்று எதையெதையோ சொருகி வைத்திருந்தார். ஷாமளா நீலச் சேலையில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள்.

"அப்பா, நெட் வரலப்பா."

"விளக்கு எரியுதே?"

"விளக்கு எரியுது, நெட் வரல! மோடத்தை எந்த வேலியில போட்டீங்க?"

"நாலாவதுல. அது லைன் கம்பெனி சொத்து. நம்ம குடும்பமா? வெளியாள்தானே!"

"ஐயோ அப்பா! இன்டர்நெட்டே அது வழியாத்தான் வருது!"

"வரட்டும், யாரு வேணாங்கிறா? முறையா அனுமதி வாங்கிட்டு வரட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வேலியை எடுக்க பாஸ்வேர்டு வேண்டும், பின்பாதி சேதுவிடம். சேதுவுக்கு ஏழு தடவை போன் போட்டோம். எட்டாவதில் யாரோ ஒரு பெண் எடுத்து, அவர் கூட்டத்தில் இருக்கிறார், மக்களுக்கு விரைவான சேவை பற்றிய கூட்டம், சாயந்தரம்தான் முடியும் என்றாள்.

மணி பத்தாக மூன்று நிமிஷம். ஷாமளா அழவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நின்றாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"செயலாளர் இப்போ ஒரு முடிவு எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மோடத்திலிருந்து பெட்டிக்குப் போகிற கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கி, அவள் லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிவந்து அதில் சொருகினேன். கேபிள் ஒரு முழம்தான். செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். பின்னால் நான் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு சுவராக நின்றேன். நாற்பது நிமிஷம். தோள் விட்டுப்போச்சு.

"நிர்வாகச் சிக்கல் வந்தா எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டார்கள்.

"பிடுங்கிட்டு நேரா சொருகிடுவேன்" என்றாள் ஷாமளா.

வேலை கிடைத்துவிட்டது. கடிதம் வந்த அன்று நான் அடுப்படியில் நின்று அழுதேன். அவர் வெளியே நின்று அழுதார், தனி வேலியில்.

அம்சவள்ளி வந்து ஊசியால் பெட்டியின் பின்புறம் குத்த, பாஸ்வேர்டும் வேலிகளும் அழிந்து எல்லாம் புதிதாகிவிட்டது. "வேலியே வேணாம்தானே?" என்றாள். வேண்டவே வேண்டாம் என்று மூன்று பேரும் கும்பிட்டோம்.

ஆனால் அவர் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, தன் அறையை மட்டும் முதல் வேலியில் போடச் சொன்னார். ஷாமளா தண்ணீர் கொடுக்கிற சாக்கில், இப்போது வேலை உறுதியாகிவிட்டது, தன்னை முதல் வேலியில் போடச் சொன்னாள். நானும் வாசல்வரை வழியனுப்பப் போய், அவளைத் திருப்பி உள்ளே கூட்டிவந்தேன். டிவிக்காகத்தான்.

புண்ணியவதி, மூன்று பேரையும் மோடத்தையும் முதல் வேலியிலேயே போட்டுவிட்டாள். அறுபது வெள்ளிப் பெட்டி செய்கிற அதே வேலை. ஆனால் வீட்டில் இப்போது மூன்று துரைகள். லயம் காலி.

போன வாரம் பெரிய மழை, ஒரே இடி. மழை விட்டதும் புனிதன் கேட்டில் வந்து நின்றார். இருபத்து நாலு விளக்கும் அணைந்துவிட்டதாம்.

"அண்ணே, லோரி லைசன்ஸ் புதுப்பிக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். போன்லயும் லைன் இல்ல. உங்க பெட்டியிலேருந்து ஒரே ஒரு கேபிள் குடுத்தீங்கன்னா..."

அந்தப் பிரிண்டரைக் கழற்றிவிட்டுச் சொருகினால் அரை நிமிஷ வேலை. அவர் ஷாமளாவைப் பார்த்தார். ஷாமளா என்னைப் பார்த்தாள். மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம்:

"விண்ணப்பம் எழுதிக் குடுங்க."

மூணு நகல் வேணும் என்று சேர்த்தது நான்தான்.