எல்லப்பனும் நாலு கலர் பொட்டியும்

இந்த ஜென்மத்தில் இனி கிருஷ்ணாயில் க்யூவில் நிற்பதில்லை என்று எல்லப்பன் முடிவு கட்டியது தொண்ணூத்தொண்ணாம் வருஷம். ஹும், அதெல்லாம் ஒரு காலம்! பென்னலூர் பக்கம் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்துக்கொண்டிருந்த நேரம். ஒரு லாரி போனால்கூட எட்டிப் பார்க்க ஜனங்களுக்கு நேரம் இருந்தது.

முடிவுக்குக் காரணம் மறதி. முதலில் அது நிஜ மறதிதான். சுங்குவார்சத்திரத்துக்கு சைக்கிளில் போனவர், டீ குடித்துவிட்டு ஜம்மென்று பஸ் ஏறி வந்துவிட்டார். வந்ததும் வராததுமாக, "சைக்கிள எங்கடா வெச்சே?" என்று பக்கத்து வீட்டு பலராமன் சட்டையைப் பிடித்தார். ஊரே சிரித்தது. பெண்டாட்டி ராஜாமணி மட்டும் சிரிக்கவில்லை.

"மூளைக்கு வேலை குடுங்க" என்றார் டாக்டர். மகன் ஸ்ரீதர் பர்மா பஜாரில் ஒரு பொட்டி வாங்கி வந்தான். நாலு கலர் லைட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். எந்த வரிசையில் எரிகிறதோ அதே வரிசையில் அமுக்க வேண்டும். சரியாக அமுக்கினால் ஒரு லைட்டு கூடும். தப்பாக அமுக்கினால் எருமை மாதிரி கத்தும். அதை வேடிக்கை பார்க்கத் தெருவே கூடியது.

கொஞ்ச நாளில் மறதி ஓடியே போச்சு. ஆனால் அதை எதற்கு வெளியே சொல்ல வேண்டும்? மறதிக்காரனை யாரும் ரேஷன் கடைக்கு அனுப்புவதில்லை. மச்சான் வீட்டு விசேஷத்துக்கு இழுத்துப் போவதில்லை. ஆஹா, இதுவல்லவோ வாழ்க்கை! ராஜாமணி எதிரில் மூணாவது லைட்டிலேயே வேண்டுமென்று தப்பாக அமுக்குவார். அவள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போனதும் கதவைச் சாத்திக்கொண்டு லைட்டு மேல் லைட்டாகப் பின்னி எடுப்பார். கிருஷ்ணாயில் கேனைத் தூக்கியதெல்லாம் அவள்தான், பாவம்.

ஒருநாள் காலையில் முடிவெட்டும் ரத்தினம் கத்தியும் கிண்ணமுமாக வாசலில் வந்து நின்றார்.

"இவுரு இன்னாத்துக்கும்மே வந்துகீறாரு?" என்று ராஜாமணியைக் கேட்டார் எல்லப்பன்.

"மொட்டை அடிக்க. செல்லியம்மனுக்கு உன் முடி வேண்டுதல் கீதே."

எல்லப்பன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். இந்த வயசிலும் கருகருவென்று சுருட்டை முடி. அவர் செட்டில் வேறு எவனுக்கும் இல்லாத சொத்து.

"நான் எப்பம்மே வேண்டிக்கினேன்?"

"நேத்து துன்ன கொழம்பு தெரியாது, இதக் கேக்க வந்துட்டாரு. குந்துய்யா."

"எனக்கு எல்லாம் நல்லா ஞாபகம் கீதும்மே!"

"ஞாபகமா? உனக்கா?"

ரத்தினம் கத்தியைத் தீட்டினார். முடியா, க்யூவா? முடிதான்! எல்லப்பன் பொட்டியைப் பிடுங்கி மடியில் வைத்தார். சிவப்பு, பச்சை, மஞ்சள், மறுபடி பச்சை... லைட்டு கூடிக்கொண்டே போனது. எருமை கத்தவே இல்லை. ரத்தினம் வாயைப் பிளந்தார்.

"பொட்டி சொன்னதத் திருப்பிச் சொல்றே. கிளிகூட சொல்லும்" என்றாள் ராஜாமணி. "நம்ம கண்ணாலத்தன்னிக்கி நடந்தது ஏதாச்சும் ஞாபகம் கீதா?"

"மறப்பனாமே? மணிமங்கலத்துல உங்க வூட்டு வாசல்ல பந்தலு. உனக்கு அரக்குப் பொடவை. தாலி கட்டசொல்ல மழை புட்ச்சிகிச்சு. பொடவைச் சாயம் என் வேட்டியெல்லாம் எறங்கிடுச்சு. உங்கப்பா வேற வேட்டி குடுத்தாரு. மாட்டேன்னுட்டேன், அந்த வேட்டியோடவே வந்தேன். வண்டியில நீ அழுதுகினே வந்தே. முறுக்கு குடுத்தேன், அதயும் அழுதுகினே துன்னே."

ராஜாமணி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"என்னியும் மறந்துடுவியோன்னு எத்தினி நாளு தூக்கம் இல்லாம கெடந்தேன், தெரியுமாய்யா?"

ஒரு கேன் கிருஷ்ணாயிலுக்காக இவளை இப்படித் தவிக்க விட்டோமே என்று எல்லப்பனுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

"அழுவாதமே. இனிமே ரேஷனுக்கு நானே போறேன். மச்சான் வூட்டுக்கும் வர்றேன். ஆனா சத்தியமா நான் எதுவும் வேண்டிக்கலமே!"

"நீ எங்க வேண்டிக்கினே? நான்தான்யா வேண்டிக்கினேன். உனக்கு ஞாபகம் திரும்புனா உன் தலைய மொட்டை அடிக்கிறேன்னு. ஆடு மேய்க்கிற எடத்துக்கே பொட்டி சத்தம் கேட்டுது, எருமை மட்டும் கத்தல. பலிச்சிடுச்சோன்னு ஒரு சந்தேகம். இன்னிக்கி அதுவும் தீந்துது."

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"ரத்தினம், தண்ணி தொட்டுக்க."