வலியில்லாக் காதணி விழா

சூலூர்,
ஞாயிற்றுக்கிழமை

மதிப்பிற்குரிய அழகிரிசாமி மச்சான் அவர்களுக்கு, பாலுசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை நாச்சியம்மாளும் சுகம். சத்தியமங்கலத்தில் உங்கள் முட்டி ஆபரேசன் தேறி, கம்பு ஊன்றி வாசல் வரை வருவதாகக் கேள்விப்பட்டுச் சந்தோசம். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் கடிதம்.

மூத்தவள் மதிவதனியின் மகள், நம் பேத்தி வர்ஷினியின் காதுகுத்துக்கு நீங்கள் வராதது எனக்குப் பெரிய ஏமாற்றம். பார்க்கப்போனால் உங்களுக்குக் காட்டுவதற்காகவே நான் அதை அத்தனை தடபுடலாகச் செய்தேன். போன தீபாவளிக்கு வந்தபோது, பந்தியில் வைத்து நம் சின்னவள் லோகப்பிரியாவைப் பற்றி, "என்ன படிப்புங்க மாப்ள இது? வருசக்கணக்கா பன்னித் தோலுக்குச் சத்தம் காட்டீட்டு இருக்கறா. நிறுத்திப்போட்டுக் கண்ணாலத்தப் பண்ணுங்க" என்றீர்கள். தாய்மாமன் வார்த்தை. அன்றிலிருந்து உங்கள் தங்கை வரன் பார்க்கிறாள், லோகு சரியாகச் சாப்பிடுவதில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம்தான், மறைப்பானேன்.

அவள் செய்வது இதுதான். பன்றித் தோல் நம் தோல் மாதிரியே என்பதால் முதல் சோதனை அதில். நம் தோல் நெருக்கி நெய்த காடாத்துணி போல. மேலே மருந்தைப் பூசினால் லேசில் உள்ளே போகாது. காதுக்குக் கேட்காத அல்ட்ராசவுண்ட் அலையை அதன்மேல் சிறிது நேரம் விட்டால் இழை கொஞ்சம் விலகிக் கொடுக்கும், மருந்து இறங்கிவிடும். மரத்துப்போக வைக்கிற கிரீம் வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும் என்றால், இதில் சில நிமிடம் போதுமாம். ஊசி இல்லை, வலி இல்லை. அந்தக் கருவிக்கு அலுமினியப் பிடி கடைந்து கொடுத்தது நம் பட்டறை லேத்தில், நானே. ஆகப் பாதிக் கண்டுபிடிப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை, நீங்களே நினைத்துக்கொள்ளலாம்.

அதனால் பத்திரிகையிலும் பிளக்ஸிலும், "அல்ட்ராசவுண்ட் முறையில் வலியில்லாக் காதணி விழா, கண்டுபிடிப்பு: முனைவர் லோகப்பிரியா" என்று போட்டேன். பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா, பட்டமே இன்னும் வரலீங்க. பெரியவங்களுக்கே சோதனைதான் நடக்குது, கொழந்தைக்கெல்லாம் வேண்டாங்க" என்றாள். "பிளக்ஸ் அடிச்சாச்சு கண்ணு" என்றேன். அவள் லேப்புக்குக் கிளம்பிப் போய்விட்டாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கிணத்துக்கடவில், சம்பந்தி வீட்டுக் கோயில் மண்டபம் நிறையக் கூட்டம். தாய்மாமன் என்று என் மகன் கிருபாசங்கர் வர்ஷினியை மடியில் வைத்து உட்கார்ந்தான். லோகு கருவியை இரண்டு காதிலும் வைத்து எடுத்தாள். ஒரு சத்தம் கிடையாது, ஒரு விளக்குக்கூட எரியவில்லை. "கேக்காதுங்க, அதுதானுங்க அல்ட்ராசவுண்டு" என்று நான் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். ஆசாரி வலது காதைக் குத்தினார், இடது காதைக் குத்தினார், குழந்தை பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அழுகைச் சத்தம் வந்ததும் கெட்டிமேளம் என்று காத்திருந்த மேளக்காரர்கள் ஓங்கிய குச்சியோடு அப்படியே நிற்கிறார்கள். சம்பந்தியின் அக்கா எழுந்து, "ஏனுங்க, அழுகாம குத்துன காது எப்படீங்க கணக்குல சேரும்? இன்னொருக்கா குத்தச் சொல்லுங்க" என்று பிடித்துக்கொண்டார், நான் விஞ்ஞானம் சொல்ல, அவர் சாங்கியம் சொல்ல, இதற்குள் கிருபாசங்கர் பாப்பா காதில் ஒரு துளி ரத்தத்தைப் பார்த்து மயங்கிச் சாய, அதுதான் சைகை என்று மேளக்காரர்கள் வெளுத்து வாங்க, மாமன் விழுந்ததைப் பார்த்து வர்ஷினி கைகொட்டிச் சிரித்தாள். பிறகு முட்டிவலிக்காரர்கள் எல்லாம் வேட்டியை ஏற்றிக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள், சம்பந்திதான் முதல் ஆள். லோகு கருவியைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டாள். தன்னடக்கம், மச்சான்.

இனிமேல் படிப்பை நிறுத்துகிற பேச்சு வேண்டாம் என்று நீங்களே உங்கள் தங்கைக்குச் சொல்ல வேண்டும். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. முட்டி சீக்கிரம் மடங்கி, அடுத்த விசேசத்துக்கு நீங்கள் சம்மணம் போட்டு உட்கார ஆண்டவன் அருளட்டும்.

இப்படிக்கு,
பாலுசாமி

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் ஒரு சமாச்சாரம். பிளக்ஸ் படம் வாட்ஸப்பில் சுற்றி லோகுவின் பேராசிரியர் வரை போய்விட்டது. அனுமதியில்லாமல் குழந்தைமேல் கருவியை ஓட்டியிருந்தால் ஆராய்ச்சியையே ரத்து செய்துவிடுவார்களாம். அவர் போனில் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். இவள் நிதானமாக, "சார், அதுல பேட்டரியே இல்லீங்க. கழட்டி லேப்லயே வெச்சுட்டுத்தான் போனேன்" என்கிறாள். டாக்டர் எழுதிக் கொடுத்த கிரீமை மதிவதனி தன் மகள் காதில் ஒரு மணி நேரம் முன்பே பூசி வைத்திருக்கிறாள். அக்காளும் தங்கையும் பேசிவைத்த வேலை. ஆகவே மேலே நான் எழுதியதெல்லாம் தப்பு.

"ஏங்கண்ணு, ஊரே பாக்கறப்ப ஒரு நிமிசம் நெசமாவே ஓட்டியிருந்தா என்னாயிருக்கும்?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்கப்பா. தெரியாததாலதான் ஓட்டல" என்றாள்.

காலையிலிருந்து பத்திரிகை வைத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய், என் மகளின் மிஷின் ஓடவே இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு வருகிறேன். சத்தியமங்கலத்துப் பக்கம் நீங்கள் சொல்லிவிடுங்கள், மச்சான்.