இருபத்து மூன்றாவது வண்டி

எங்கள் ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதற்கும் ஒரு மனு வரும். ஆலங்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு டாக்சி ஸ்டாண்டு, அதில் இருபத்திரண்டு கார்கள். முதல் வண்டி சவாரி போனால் மற்ற வண்டிகள் ஓர் இடம் முன்னால் நகர வேண்டும். அதற்காக யாரும் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய மாட்டார்கள், டீசல் வீணாகும். இறங்கித் தள்ளுவார்கள். எங்கள் டிரைவர்கள் கார் ஓட்டிய தூரத்தைவிடத் தள்ளிய தூரம் அதிகம்.

எதிரே புளியமரத்தடியில் மேசை போட்டு மனு எழுதும் முனியசாமி நான்தான். முப்பது வருட சர்வீஸ். 'கண்ணீருடன்' என்ற சொல் இல்லாமல் என் மேசையிலிருந்து ஒரு தாள் போனதில்லை. பக்கத்தில் ஃபர்ஹானா என்றொரு பெண் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்துக் கடை திறந்து ஆறு மாதமாகிறது. நாலு நாள் நாகரிகம், தானாகப் போய்விடும் என்று நான் கண்டுகொள்ளவில்லை.

இப்படி ஊர் அமைதியாக இருந்தபோது சத்யபிரியா கார் வாங்கினாள். பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள், வீட்டில் இரண்டு பிள்ளைகள், சம்பாதிக்க அவள் ஒருத்திதான். கழுத்து நகையை விற்றுப் பழைய கார் ஒன்றை வாங்கி, ஸ்டாண்டில் இருபத்து மூன்றாவதாக நிற்க லைசென்ஸ் கேட்டு விண்ணப்பித்தாள். அது வரும்வரை என் மேசைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டாள்.

டாக்சி ஓட்டுநர் சங்கம் அவசரப் பொதுக்குழுவைக் கூட்டியது. பொருள்: 'லைசென்ஸ் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு கோரி வாழ்வுரிமைப் பிரகடனம்.' இருபத்திரண்டு பேரின் போட்டோவோடு ஃப்ளெக்ஸ் பேனர் வைத்தார்கள். தீர்மானம் எழுத என்னையும் கூப்பிட்டார்கள்.

"நான் வந்தப்ப இங்க ஒரே ஒரு அம்பாசிடருதான்," என்றார் தலைவர் சோலையப்பன். "அத்தோட நிப்பாட்டியிருந்தா ஊரு உருப்பட்டிருக்கும்."

துபாயிலிருந்து திரும்பி வந்து ஒன்பதாவதாகச் சேர்ந்த ராஜா முகமது எழுந்தார். "அதெப்படிங்க? பொதுமக்கள் நலன்னு ஒண்ணு இருக்குல்ல. ஒன்பதுதான் சரியான கணக்கு. பத்தாவது வண்டிலேர்ந்துதான் சீரழிவே."

போன ரம்ஜானுக்குச் சேர்ந்த அப்ரார் இருபத்திரண்டாவது வண்டி. "ஒலகம் பூராவும் ஆராய்ச்சி பண்ணிப் பாத்தாச்சுண்ணே. இந்த மாதிரி ஊருக்கு இருபத்திரண்டு. அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் தாங்காது."

"யாருடா ஆராய்ச்சி பண்ணது?"

"வாட்ஸ்அப்புல வந்துச்சு."

மூன்று மணி நேரம் வாதாடினார்கள். கதவை மூட வேண்டும் என்பதில் எல்லாருக்கும் ஒரே கருத்து. தன் முதுகுக்குப் பின்னால் மூட வேண்டும் என்பதிலும் ஒரே கருத்து. கடைசியில் நான் எழுதினேன்: 'ஏற்கெனவே உள்ள வாகனங்களே பொதுமக்களின் தேவைக்குப் போதுமானவை என்பதையும், இன்னும் ஒன்று வந்தாலும் எங்கள் குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும் என்பதையும் கண்ணீருடன் பணிந்து தெரிவித்துக்கொள்கிறோம்.' நல்ல வாக்கியம். எனக்கே பெருமையாக இருந்தது.

மறுநாள் சத்யபிரியா மேசைக்கு வந்தாள். "அண்ணே, எனக்கு எதிரா நீங்கதான் எழுதுனீங்களாமே?"

"கை என்னோடது தாயி. வாசகம் சங்கத்தோடது."

"ஓரமா ஒரு எடந்தானே கேட்டேன்," என்றாள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மனு போன அலுவலகத்திலிருந்து ஆய்வு அலுவலர் நல்லதம்பி வருவதாகக் கடிதம் வந்தது. குறித்த நாளில் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அமர்ந்து, சவாரிகளை எண்ணி, செல்போன் செயலியில் ஏற்றுவார். எத்தனை வண்டி தேவை என்பதைச் செயலியே சொல்லிவிடும். இதில் மனிதத் தலையீடு அறவே கிடையாது என்று கடிதத்தில் அடிக்கோடிட்டிருந்தது.

"அன்னைக்கு சவாரி கம்மியா இருக்கணுமே," என்று கவலைப்பட்டார் சோலையப்பன்.

"கம்மி என்னண்ணே கம்மி? ஒண்ணுகூட இருக்கக் கூடாது," என்றான் அப்ரார். "யாரும் வண்டிய எடுக்காதீங்க. ஈ ஓட்டுறோம்னு அவரே கண்ணால பாக்கட்டும்."

எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்று பெரிய முகூர்த்த நாள். நல்லதம்பி குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒன்பதரைக்கே கூட்டம் வந்துவிட்டது. பட்டுச்சேலைகள், சீர்த்தட்டுகள், நார்த்தாமலைக்குப் போக வேண்டிய வெளியூர்க்காரர்கள். மீனம்மாள் என்ற பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு சோலையப்பனிடம் வந்தாள்.

"தம்பி, ஆஸ்பத்திரி வரைக்கும் போகணும்ப்பா."

"நாங்களே சவாரி இல்லாமக் கஷ்டப்பட்டுக்கிட்டு இருக்கோம். தொந்தரவு பண்ணாம அங்கிட்டுப் போங்கத்தா."

பெரியம்மா அங்கிட்டுப் பார்த்தாள். அங்கிட்டு சத்யபிரியா கதவைத் திறந்துகொண்டு நின்றாள்.

சாயங்காலம் வரை அவள் வண்டி நிற்கவே இல்லை. இந்தப் பக்கம் இருபத்திரண்டு பேரும் சவாரி வராத சோகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு, வருகிற சவாரியையெல்லாம் விரட்டிக்கொண்டிருந்தார்கள். வேர்த்து ஒழுகியது. ஐந்து மணிக்கு நல்லதம்பி எழுந்து, "புதுக்கோட்டைக்குப் போகணும், யார் வர்றீங்க?" என்று கேட்டார்.

"மன்னிக்கணுங்க சார். சவாரியே கெடையாது," என்றார் ராஜா முகமது பணிவாக.

நல்லதம்பி சத்யபிரியாவின் காரில் ஏறினார். தன்னையும் ஒரு சவாரியாகச் செயலியில் பதிந்துகொண்டார்.

பத்து நாளில் ஆணை வந்தது. 'மேற்படி ஸ்டாண்டில் இருபத்திரண்டு வாகனங்கள் ஒரு சவாரியும் இன்றி மிகையாக நின்றுவருவதும், பொதுமக்களின் பன்னிரண்டு சவாரிகளையும் ஒரே வாகனம் நிறைவேற்றிவருவதும் கள ஆய்வில் தெரியவருகிறது. எனவே உச்சவரம்பு ஒன்று என நிர்ணயிக்கப்பட்டு, அந்த லைசென்ஸ் மேற்படி ஒரே வாகனத்துக்கு வழங்கப்பட்டு, சங்கத்தின் கோரிக்கை முழுமையாக ஏற்கப்படுகிறது.'

"நம்ம மனுவ ஏத்துக்கிட்டாங்களா இல்லையா?" என்று கேட்டார் சோலையப்பன்.

"முழுசா ஏத்துக்கிட்டாங்க. அதுதான் கோளாறு," என்றேன்.

மறுநாள் முதல் ஸ்டாண்டில் சத்யபிரியாவின் கார் மட்டும் நின்றது. தள்ள வேண்டிய அவசியமே இல்லை. இருபத்திரண்டு கார்களும் என் புளியமரத்தடியில் முண்டியடித்தன. என்னோடு ஒருவரும் பேசவில்லை. உச்சவரம்பை நீக்கச் சொல்லி மனுப் போட வேண்டும், அதையும் இந்த ஆளிடம் எழுதக் கூடாது என்று தீர்மானம் போட்டிருப்பதாகக் காதில் விழுந்தது.

ஒரு வாரத்தில் சத்யபிரியா வந்தாள். புதுச் சீருடை, கழுத்தில் அடையாள அட்டை.

"உச்சவரம்ப எடுக்கச் சொல்லி மனுப் போடப்போறாங்களாம்ண்ணே. எடுக்கக் கூடாதுன்னு எனக்கு ஒண்ணு எழுதுங்க."

"நீ நின்ன மாதிரிதானே தாயி அவங்களும் இப்ப மரத்தடியில நிக்கிறாங்க? ஓரமா ஒரு எடந்தானே?"

"ரெண்டு புள்ளைங்க இருக்குண்ணே," என்றாள் என்னைப் பார்க்காமல். "புதுசா ஒண்ணும் எழுத வேணாம். அன்னைக்கு அவங்களுக்கு எழுதுனதையே எழுதுங்க."

எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. பட்ட கஷ்டத்தை ஒரே வாரத்தில் மறந்துவிடுகிறார்களே! இந்த ஜனங்கள் திருந்தவே மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதினேன். பன்மையை ஒருமையாக்கியதைத் தவிர வார்த்தை ஒன்றும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

மை காய்வதற்குள் இன்னொரு தாளை எடுத்து, என் சொந்த மனுவையும் எழுதினேன்: 'எங்கள் ஊரில் ஏற்கெனவே உள்ள மனு எழுதுநரே பொதுமக்களின் தேவைக்குப் போதுமானவர் என்பதையும், அண்மையில் கம்ப்யூட்டருடன் கடை திறந்துள்ளவரால் என் குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்பதையும் கண்ணீருடன்...'

இரண்டு மனுக்களையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலில் இருந்தவர் தாளைத் தொடவே இல்லை.

"ஒண்ணாந்தேதிலேர்ந்து கையில வாங்குறதில்லைங்க. ஆன்லைன்ல ஏத்திட்டு வாங்க."

திரும்பி வந்தேன். எங்கள் ஊரில் ஆன்லைனில் ஏற்றும் இடம் ஒன்றே ஒன்றுதான். ஃபர்ஹானா கடைவாசலில் இருபத்திரண்டு டிரைவர்களும் ஆளுக்கொரு மனுவோடு வரிசையில் நின்றார்கள். நான் போய்க் கடைசியில் நின்றேன். முன்னால் நின்ற அப்ரார் திரும்பிப் பார்த்தான்.

"நீங்க நாளைக்கு வாங்கண்ணே," என்றான். "எனக்கப்புறம் வரிசைய நிப்பாட்டச் சொல்லிட்டேன். இதுக்கு மேல தாங்காது."